அரைச் சாவிப் பாட்டு

போன மாதம் தென்காசியில் ஒரு சபையின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மைக்செட் கடைக்காரர்கள் என்மேல் உள்ள மரியாதையில் முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மேடையில் ஒரு பெரியவர் பேசினார். சங்கீத ரசனை என்பது குடும்பச் சொத்தாம். தாத்தா கேட்டு, அப்பா கேட்டு, அப்புறம்தான் பிள்ளைக்குக் காது முளைக்குமாம். கிராமபோனும் ரேடியோவும் சினிமாவும் வந்து ஜனங்களின் காதைக் கெடுத்துவிட்டனவாம். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் பேசியவர் குற்றாலத்துப் பங்களா நெல்லையப்ப பிள்ளையின் மகன். ஒரு பெண்ணின் காதை யார் எப்படிக் கெடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையே அவர்தான்.

விழா மலருக்கு "அந்தக் காலத்து ரசனை" பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்து வடை மடிக்கட்டும்.

நான் கிராமபோன் பெட்டிக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் முகைதீன் ராவுத்தர் கடையில் சேர்ந்தேன். தென்காசிக் கடைத்தெருவில் சைக்கிள், தையல் மிஷின், கிராமபோன் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் விற்றவர் அவர். முதல் சில வருஷம் தூசி தட்டினேன், பெட்டி சுமந்தேன், தேய்ந்த ஊசிகளைப் பொறுக்கினேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

முதலாளி யாரையும் திட்ட மாட்டார். நான் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால் பேசாமல் கையை நீட்டுவார். கையில் இருப்பதை அவரிடம் கொடுக்க வேண்டும். அவரே நிதானமாக அந்த வேலையைச் செய்து காட்டி, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்து, என்னிடமே திருப்பித் தருவார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

பிளேட்டு, அதாவது இசைத்தட்டு, போடுவது என்றால் இன்றைக்கு விசையைத் தட்டுவதுபோல் இல்லை. முதலில் பெட்டி சமமாக இருக்க வேண்டும். குற்றாலத்துப் பங்களாக்களில் சாரலில் ஊறி மேஜைக் கால்கள் ஆடும். ஒரு தம்ளர் தண்ணீரைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்து, அட்டைத் துண்டு செருகிச் சரிபண்ண வேண்டும். பிறகு சாவி, அதாவது உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை முறுக்குவது. கைப்பிடி இறுகி, போதும் என்று கைக்கே தெரியும்வரை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மறுபடி கொடுக்க வேண்டும். பிளேட்டை வெல்வெட் துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. பக்கத்துக்கு ஒரு புது ஊசி. ஓட்டம் சரியா என்று பார்க்க, பிளேட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு அது எத்தனை தடவை சுற்றி வருகிறது என்று முதலாளி எண்ணுவார். ஓட்டம் கூடினால் வித்வானின் குரல் பொடிப்பயல் குரலாகிவிடும். சாவி தீர்ந்துகொண்டே வந்தால் பாட்டு மெதுவாகும், சுருதியும் கூடவே இறங்கும். கடைசியில் தூக்கத்தில் உளறுவதுபோல் முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "பாட்டு ஓடுதப்போ ஊசியத் தூக்காதலே. பாடுதவன் வாயப் பொத்துத மாதிரி அது" என்பார்.

சீசன் வந்துவிட்டால் கடையில் பாதி குற்றாலத்துக்கு இடம் மாறிவிடும். ஆனி முதல் ஆவணி வரை பங்களா பங்களாவாகப் பெட்டியும் ஆளும் வாடகைக்குப் போவோம். பெரிய வீட்டு ரசனையை நான் அங்கேதான் படித்தேன். காலையில் விருந்தாளிகள் இருக்கும்போது கூடத்தில் கீர்த்தனை பிளேட்டு ஓடும். எல்லாரும் கண்ணை மூடித் தொடையில் தட்டுவார்கள். விருந்தாளிகள் அருவிக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "ஏலே, அந்த நாடகப் பாட்டு வச்சிருக்கியா? எடு, எடு" என்பார்கள். அந்த நாடகப் பாட்டுக்குத்தான் நிஜமாகவே தலை ஆடும். அதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. பிடித்ததைக் கேட்கட்டும். கதவைத் திறந்துவைத்துக் கேட்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் பங்களாக்களில் பெரியது நெல்லையப்ப பிள்ளையுடையது. தென்காசியில் நிலபுலன், குற்றாலத்தில் பங்களா. அவருடைய பாட்டனார் வீணை வாசித்தவர். சீசனுக்கு வரும் வித்வான்கள் அங்கேதான் தங்குவார்கள். அந்த வீட்டுத் தூணுக்குக்கூடத் தாளம் தெரியும் என்று ஊரில் பேச்சு. அவர் ஒரு பாட்டை நல்லது என்று சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே அந்த பிளேட்டைக் கேட்டுக் கடைக்கு ஆள் வரும்.

வடகரையில் சங்கரலிங்கம் பிள்ளை என்று இன்னொருவர். வயல், தென்னந்தோப்பு, கையில் நாலு காசு. வீட்டில் சங்கீத வாடையே கிடையாது. நாலு பேர் வீட்டில் இருக்கிறதே என்று ஒரு கிராமபோன் வாங்கினார். அவருக்கு ஒரே மகள், செண்பகம். அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். ஒரு வாத்தியார் வைக்கலாமே என்று அவள் தாயார் கேட்டதற்கு, "நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்குப் பாட்டு வாத்தியாரா? ஊரு காறித் துப்பும்" என்று சொல்லிவிட்டார். பெட்டி பாடலாம், பிள்ளை வாத்தியாரிடம் பாடக் கூடாது. ஆகவே செண்பகம் பெட்டியிடமே படித்தாள். கீர்த்தனை, நாடகப் பாட்டு, புதிதாய் வந்த சினிமாப் பாட்டு என்று எது வந்தாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரோ உறவினர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஸ்பிரிங் அறுந்து போயிற்றாம். அதிலிருந்து சங்கரலிங்கம் பிள்ளை பெட்டிக்கு முழுச் சாவி கொடுக்க விட்டதில்லை. அவரே அரைச் சாவி கொடுப்பார். பெண்கள் கை பட்டால் அறுந்துவிடும் என்று கைப்பிடியைக் கழற்றி, பணப்பெட்டிச் சாவியோடு இடுப்பில் முடிந்துகொண்டு தோப்புக்குப் போய்விடுவார். பெண்கள் அந்த அரைச் சாவியில் ஒரு பக்கம் கேட்கலாம். வருஷக்கணக்கில் அந்த வீட்டில் அப்படித்தான் பாட்டுக் கேட்டார்கள். இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டு குடும்பமும் சம்பந்தம் பேச ஆரம்பித்தன. பேசும் படம் வந்த புதிது. சீசனுக்குச் சங்கரலிங்கம் பிள்ளையும் குற்றாலத்தில் ஒரு வீடு எடுத்தார். தன் பெட்டியைச் சாரலில் நனைக்க மனமில்லாமல் எங்கள் கடைப் பெட்டியை வாடகைக்குச் சொன்னார். சங்கீத வீட்டார் வருகிறார்களே, தன் வீட்டிலும் பாட்டு ஓடுகிறது என்று காட்ட வேண்டாமா! பெண் பாடி முடித்த பிறகுதான் என் முறை. பெட்டியைத் திறக்காமல் கூடத்து வாசலில் நின்றேன்.

மாப்பிள்ளையின் அக்கா சுருதிப் பெட்டி கொண்டுவந்திருந்தாள். செண்பகம் வந்து உட்கார்ந்து ஒரு கீர்த்தனை எடுத்தாள். குரல் அப்படியே சுருதியில் போய் ஒட்டிக்கொண்டது. நெல்லையப்ப பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்லவியும் அனுபல்லவியும் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. சரணத்தின் கடைசிக்கு வந்தபோது பாட்டின் வேகம் குறையத் தொடங்கியது. தாளமும் தளர்ந்தது. குரல் சுருதியைவிட்டுக் கீழே, இன்னும் கீழே, துளி சந்தேகம் இல்லாமல் இறங்கிக்கொண்டே போனது. சுருதிப் பெட்டி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். முடித்துவிட்டு அழகாகக் கும்பிட்டாள்.

மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு மாப்பிள்ளை. அப்புறம் அந்தக் கூட்டமே சிரித்தது. நெல்லையப்ப பிள்ளை துண்டால் வாயை ஒற்றிக்கொண்டு சொன்னார்: "பிள்ளைக்குச் சாரீரம் இருக்கு, சங்கரலிங்கம். காதுதான் இல்ல. காது வீட்டுல வளரணும்வே. பெட்டியில வளராது."

செண்பகத்துக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சாயங்காலம் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"எந்த எடத்துல எறங்குச்சு?"

"கடைசியில முதலாளி. சரணம் முடியுத எடத்துல."

"தாளமும் சேந்து தளந்துச்சா?"

"ஆமா."

"காது இல்லாதவளுக்கு அப்படி எறங்க வராதுலே. நாளைக்கு வடகரைக்கு வண்டி கட்டச் சொல்லு" என்றார்.

சங்கரலிங்கம் பிள்ளை அவமானம் தாங்காமல் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டிருந்தார். பெட்டிக்குக் கிரீஸ் போட வந்ததாகச் சொல்லி உள்ளே போனோம். அவர் தோப்பில் இருந்தார். கைப்பிடி எங்கே என்று முதலாளி கேட்க, செண்பகத்தின் தாயார் வீட்டு வழக்கத்தைச் சொன்னார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். தன் பையிலிருந்த கைப்பிடியை எடுத்துச் செருகி, முழுச் சாவி கொடுத்து, செண்பகம் பாடிய அதே கீர்த்தனையை வைத்தார்.

பாட்டு சரணத்துக்கு வந்தது. இறங்கவில்லை. நேராக ஓடி முடிந்தது. உள்வாசலில் நின்றிருந்த செண்பகம் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"இன்னொரு தடவ வைங்க" என்றாள். வைத்தோம். கேட்டு முடித்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எல்லா வித்வானும் கடைசியில அப்படித்தான் எறங்குதாக. அதுதான் பாட்ட முடிக்குத மொறைன்னு நெனச்சேன். கோயில்ல நாயனம் எறங்காது. அது நாயனத்து வழக்கம், இது வாய்ப்பாட்டு வழக்கம்னு நெனச்சேன். இத்தன வருசமும் இது என்ட்ட பொய் சொல்லியிருக்கு!"

அப்படியே நின்றுகொண்டு பாடினாள். கடைசி வரை சுருதி ஊசிமுனை அளவும் பிசகவில்லை. முதலாளி இன்னொரு பாட்டின் பெயரைச் சொன்னார். அதன் பிளேட்டை நாங்கள் வைக்கவே இல்லை. அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, அதையும் இறங்காமல் பாடி முடித்தாள். அரைச் சாவியில் கேட்ட பாட்டு எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். இதற்கு என்ன பெயர்? காது இல்லை என்றா?

பாதியில் சங்கரலிங்கம் பிள்ளை வந்துவிட்டார். முதலாளி பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு பிள்ளை மேல இல்ல. சாவி மேலதான். கல்யாணம் அமையுதது அல்லா விட்ட வழி. இந்தப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார மட்டும் வச்சிருங்க" என்றார்.

சங்கரலிங்கம் பிள்ளைக்கு முகம் சிவந்தது. "ராவுத்தரே, நீரு யாவாரி. ஒம்ம பெட்டிய நீரு விட்டுக்குடுப்பீரா? நெல்லையப்ப பிள்ள வாயால சொல்லட்டும், எம்மகளுக்குக் காது இருக்குன்னு. ஒரு வார்த்த சொன்னாப் போதும், வாத்தியாரு வைக்கேன். இல்லைன்னா இந்த வீட்டுல பெட்டியும் கெடையாது, பாட்டும் கெடையாது."

செண்பகம் தூணைப் பிடித்துக்கொண்டு முதலாளியையே பார்த்தாள். நேராகக் குற்றாலத்துக்கு வண்டியை விட்டோம்.

நெல்லையப்ப பிள்ளை பங்களா முகப்பில் பலகையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்ப்பவன் முதுகை அறைந்துகொண்டிருந்தான். சீசன் வாடகைக்குக் கொடுத்த எங்கள் பெட்டி பக்கத்தில் ஒரு நாடகப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. மகன் சாய்வு நாற்காலியில் இருந்தார். முதலாளி சாவி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பாதி கூடச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதாவே? சாவி எறங்கின எறக்கம்லா அது! எங்க வீட்டுப் பெட்டியும் அப்படித்தான் எறங்கும். அவ மொத அடி எறங்கினப்பவே கண்டுக்கிட்டேன்" என்றார் நெல்லையப்ப பிள்ளை.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. தெரியாமல் சிரித்தார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சுமா பிள்ளைவாள், காது இல்லைன்னு சொன்னிய?" என்று முதலாளி கேட்டார்.

"பின்னே? பெட்டியக் கேட்டு வளந்தவள எங்க வீட்டுக்குள்ள விட்டா, நாளைக்கு வித்வான்கள் என்ன பேசுவாக? மூணு தலமொறையாக் கட்டிக் காத்தது இது. பெட்டி இருந்தா வடகரைக்காரன் வீட்டுலயும் இது வந்துரும்னு நானே ஒத்துக்கிடணுமா?"

"கல்யாணம் பேச நான் வரல்ல. அவுக அப்பாட்ட ஒரு வார்த்த, காது இருக்குன்னு. அந்தப் பிள்ள பாடிக்கிட்டுக் கெடக்கும். ஒங்களுக்கு இதுல என்ன நட்டம்?"

நெல்லையப்ப பிள்ளை இன்னொரு கை எண்ணெயை வாங்கி மார்பில் பூசிக்கொண்டார். "நாலு பேரு முன்னால சிரிச்சாச்சு ராவுத்தரே. சிரிச்சதத் திருப்பி வாங்க முடியுமா?" என்றார். மகன் அதற்கும் சிரித்தார். அப்புறம் அப்பாவும் பிள்ளையும் நாடகப் பாட்டின் பக்கம் திரும்பித் தலையாட்ட ஆரம்பித்தார்கள்.

முதலாளி எழுந்தார். பெட்டியின் பக்கத்தில் போனார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசியைத் தூக்கினார். அருவிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "ஆறுமுகம், பெட்டிய மூடு. வண்டியில ஏத்து" என்றார். சீசனில் எங்களுக்கு அதைவிடப் பெரிய வாடிக்கை கிடையாது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்தும், அந்த வீட்டைப் பார்த்து வாங்குகிற வீடுகளிலிருந்தும் எங்கள் கடைக்கு ஆள் வரவில்லை. முதலாளி அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

வடகரைக்குச் சேதி சொல்லப் போனது நான்தான். சங்கரலிங்கம் பிள்ளை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "பெரிய வீட்டுக் காது பொய் சொல்லாது" என்று முடித்துவிட்டார். நெல்லையப்ப பிள்ளையே ஒத்துக்கொண்டார் ஐயா என்று கத்தினேன். "எங்கிட்ட வந்து ஒத்துக்கிட்டாகளாலே?" என்று கேட்டார். பெட்டியையும் பிளேட்டுகளையும் என்னோடு அனுப்பிவிட்டார். இடுப்பிலிருந்து கைப்பிடியை அவிழ்த்து வண்டிக்குள் எறிந்தார்.

மாட்டைப் பூட்டும்போது செண்பகம் வாசல்வரை வந்தாள். தகப்பனார் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, பெட்டியக் கொண்டுபோறிய. காத என்ன செய்ய?" என்றாள்.

வண்டிக்காரன் மாட்டை அதட்டினான்.

அதன்பின் காலம் ஓடிற்று. ஒவ்வொரு ஊரிலும் டூரிங் கொட்டகை வந்தது. கடைக்குக் கீர்த்தனை பிளேட்டு கேட்டு வந்தவர்கள் சினிமாப் பாட்டு கேட்டு வந்தார்கள். சினிமாப் பாட்டு கேட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர், இது என்ன ராகம், இதே ராகத்தில் கீர்த்தனை உண்டா என்று கேட்டு அதையும் வாங்கிப் போனார்கள். இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி வைக்கும் பழக்கம் வந்தபோது முதலாளி பாட்டரியும் குழாயும் வாங்கி என்னை அதில் போட்டார். ஆம்பிளிஃபையர் மட்டும்தான் பாட்டரியில் ஓடும். பிளேட்டு சுற்ற அப்போதும் கைச்சாவிதான்.

நாற்பதுகளில் ஒருநாள் புளியறையில் ஒரு கல்யாணம். புளியறை அப்போது திருவாங்கூர்ச் சீமை. எல்லைச் சுங்கச் சாவடியில் ஒவ்வொரு பிளேட்டையும் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் போக முடியும். பந்தியின்போது ஒரு சினிமாப் பாட்டு வைத்திருந்தேன். ஒரே சத்தம், சிரிப்பு, இலை போடும் அமர்க்களம். சமையல் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏய், யாருப்பா அது? சாவி குடுங்க! எறங்குது!"

என் காதுக்கு எதுவுமே இறங்கவில்லை. இத்தனை வருஷம் பெட்டியோடு கிடந்த காது இது. சந்தேகப்பட்டுக் காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தேன். ஓட்டம் குறையத் தொடங்கியிருந்தது. அவசரமாகச் சாவி கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், கையில் கரண்டியோடு செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. என்னைக் கண்டதும் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சியா! இங்கன எங்க?"

"தொழில்தாம்மா. நீங்க பாடுதியளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்ல" என்றாள்.

அதற்குள் அவள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அதே ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. இவளுக்குப் பாட்டுன்னாலே ஆகாது. எந்தக் கல்யாண வீட்டுல பாட்டு வச்சாலும் போயிச் சண்ட போடுவா. பஜனைக்குக் கூட்டிட்டுப் போனா பாதியில எந்திச்சு வந்துருவா. நாங்க ரேடியோ கூட வாங்கல்ல. அது அவ பெறந்த வீட்டு வளப்பு. அங்க சங்கீத வாடையே கெடையாதாம்."

அவருக்கு நான் என்ன சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? செண்பகம், கணவர் பேசுவதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பார்வை சுற்றுகிற பிளேட்டின் மேலேயே இருந்தது.

"அண்ணாச்சி, சாவி" என்றாள்.

கைப்பிடி இனி நகராது என்கிறவரை கொடுத்தேன். பாட்டு முடியும்வரை அவள் நின்று கேட்டாள். அப்புறம் பந்திக்குச் சாம்பார் கேட்கிறார்கள் என்று யாரோ கூப்பிட, போய்விட்டாள்.